சாவி இடது கையில்

அண்ணிக்குப் பதில் வேறொருவர் வரப்போகிறார் என்ற செய்தி, அண்ணிக்கு முன்னால் டீ அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது.

"குரல் பதிவே முடிஞ்சிருச்சாம்," என்றார், என் டம்ளரில் டீயை ஊற்றிக்கொண்டே. "இவருக்குப் பதிலாக இவர், அப்படின்னு. பின்னாடி மியூசிக்கோட. யார் சொன்னாங்கன்னு மட்டும் எங்கிட்ட கேக்காத."

நான் கேட்கவில்லை. எதையும் கேட்காததால்தான் எல்லோரும் என்னிடம் எல்லாவற்றையும் சொல்கிறார்கள்.

நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தது ஒரு தொலைக்காட்சித் தொடர். ஆறாவது வருடம். வாடகைக்கு எடுத்த மாடி வீடு. கீழே இருப்பதுதான் கதையில் வரும் கூட்டுக்குடும்பத்தின் வீடு. படுக்கையறை ஒன்றுதான். விரிப்பையும் திரைச்சீலையையும் மாற்றினால் அது பெரிய மருமகள் அறை, இல்லாவிட்டால் சின்ன மருமகள் அறை, அவசரத்துக்கு ஆஸ்பத்திரி. சமையலறைக் குழாயில் தண்ணீர் வராது. சுவருக்குப் பின்னால் ஒருவர் நின்று வாளியிலிருந்து ஊற்றுவார். ஃப்ரிட்ஜைத் திறந்தால் பவுடரும் உதட்டுச் சாயமும் இருக்கும்.

என் வேலை கண்டினியூட்டி. ஒரே காட்சியை முதலில் தூரத்தில் கேமரா வைத்து எடுப்பார்கள். பிறகு கேமராவைப் பக்கத்தில் கொண்டுவந்து அதையே திரும்ப நடிக்கச் சொல்வார்கள். தூரத்தில் வலது கையில் இருந்த டம்ளர் பக்கத்தில் இடது கைக்குப் போய்விட்டால் இரண்டையும் ஒட்ட முடியாது. அதைக் கவனித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். நான் படித்தது வேதியியல். வேறு வேலை கிடைக்கும்வரை என்று வந்தேன், ஒரு வருடம் ஓடிவிட்டது. செட்டில் என் பெயர் கெமிஸ்ட்ரி. "நம்ம ஹீரோ ஹீரோயின்கிட்ட இல்லாதது இந்தப் பொண்ணுகிட்ட இருக்கு" என்பது டைரக்டர் சாரின் ஜோக். புதிதாக யார் வந்தாலும் சொல்வார். வந்தவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருப்பார்.

தப்பைக் கண்டால் சத்தமாகச் சொல்ல வேண்டும். எனக்குச் சத்தம் வராது. எழுந்துபோய் அவர் நாற்காலி பக்கத்தில் நிற்பேன். "கெமிஸ்ட்ரி வந்து நிக்குது. யாரோ சொதப்பிட்டீங்க," என்று அவரே எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிடுவார்.

அண்ணி என்பவர் பெரிய மருமகளாக நடிப்பவர். கதையில் அண்ணி, அதனால் செட்டிலும் அண்ணி. அவரைவிட எவ்வளவோ மூத்த டீ அண்ணனுக்கும் அண்ணிதான். முதல் மூன்று வருடங்கள் கதையில் ஒரு மாமியார் இருந்தார். வீட்டின் எல்லாச் சாவிகளையும் ஒரு வளையத்தில் கோத்து வைத்துக்கொண்டு பெரிய மருமகளை ஆட்டிப்படைத்தவர். பிறகு அந்தம்மாவுக்கு முழங்கால் வலி வந்து, நடிப்பை விட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கதையில் மாமியாரைச் சாகடித்தார்கள். சாவிக்கொத்து பெரியவளிடம் வந்தது. நான் சேர்ந்தது அதற்கெல்லாம் வெகு பின்னால்.

இப்போது கதை சில வருடங்களைத் தாண்டப் போகிறது. தாண்டியதும் பெரியவளே மாமியாரைப் போல ஆகி, சின்ன மருமகளை ஆட்டிப்படைக்க வேண்டும். கதாசிரியர் அதைத்தான் எழுதியிருந்தார். யார் நடிப்பது என்று கடைசி வார்த்தை சொல்லும் சேனல் மேடத்துக்கும் கதை பிடித்திருந்தது. முகம்தான் பிடிக்கவில்லை.

"இந்த முகத்தைப் பார்த்தா பசிக்கிறவனுக்குச் சோறு ஞாபகம் வரும்," என்றாராம். "பயம் வராது." மூன்று தொடர்களில் வில்லியாக நடித்த இன்னொருவரைப் பேசி முடித்துவிட்டார்கள். அவருக்குப் புருவமே போதும் என்று பேச்சு.

இதில் எனக்கும் பங்கு இருந்தது. அண்ணி தப்பே செய்யாதவர். ஒரு காட்சியை ஏழு கோணத்தில் எடுத்தாலும் முந்தானை அதே தோளில் அதே மடிப்போடு இருக்கும். சில மாதங்களாகத்தான் அப்படி இல்லை. சாவி வலது கையிலிருந்து இடது கைக்குப் போகும். தண்ணீர் கொடுக்கும்போது டம்ளரை நீட்டாமல் மேஜையில் வைத்துத் தள்ளிவிடுவார். நாற்காலியின் நடுவில் உட்கார்ந்திருந்தவர் அடுத்த ஷாட்டில் விளிம்புக்கு வந்திருப்பார். ஒவ்வொரு முறையும் நான் எழுந்துபோய் நிற்பேன். டைரக்டர் சார் சொல்வார். அண்ணி, "சாரி சார், மாத்திக்கிறேன்," என்று சரியாகச் செய்துவிடுவார்.

"பாவம், அவங்க மனசு வேலையில இல்ல," என்று டைரக்டர் சார் போனில் சேனல் மேடத்திடம் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

அன்று மதியம் கம்மல் சரிபார்க்க மேக்கப் அறைக்குப் போனேன். கம்மல் விஷயத்தில் எனக்குப் பயம் உண்டு. போன மாதம் ஒரு காட்சியின் பாதியில் அண்ணியின் கம்மல் மாறிவிட்டது. யாரோ ஒரு பார்வையாளர் அதைச் சிவப்பு வட்டம் போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீ லேபுக்கே போயிடலாம்," என்று சேனல் மேடம் சொல்லியிருந்தார்.

மேக்கப் அக்கா அண்ணியின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கேள்விப்பட்டீங்களா அண்ணி?"

"டீக்காரர் இன்னிக்கு எனக்கு மட்டும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை கூடப் போட்டாரு. அப்பவே தெரிஞ்சுது, ஏதோ துக்க சமாசாரம்னு."

"விட்டுத் தள்ளுங்க. நல்லவளாவே போயிடலாம். ரோட்ல போனா அவனவன் உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு அழறான். நாளைக்கே மருமகளைப் படுத்த ஆரம்பிச்சீங்க, அதே ஆளு செருப்பைத் தூக்குவான்."

"தூக்கட்டுமே. ஆறு வருஷமா கண்ணைத் தொடச்சுக்கிட்டே இருந்தேனே, எதுக்குன்னு நினைச்சே?"

"சம்பளத்துக்கு."

"அதுவும்தான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அண்ணி முதலில் நிறுத்திக்கொண்டார். கண்ணாடியைப் பார்த்துப் பேசினார்.

"புதுசா ஒருத்தி வந்து முதல் நாளே புருவத்தைத் தூக்கிக்கிட்டு நின்னா, அது வேற பொம்பளை. பயமுறுத்துவா, நல்லாத்தான் பண்ணுவா. ஆனா இவ எங்க போனா? இவதானே அப்படி ஆகணும்? இந்த முகம்தானே ஆகணும்? எனக்கு அது வேணும். இத்தனை வருஷத்துல நான் எதையும் கேட்டதில்ல. இதை மட்டும் கேக்கணும்னு இருக்கு, யாருகிட்டன்னு தெரியல."

மேக்கப் அக்கா பஞ்சைக் குப்பையில் போட்டார்.

அண்ணி என் பக்கம் திரும்பினார். "கம்மல் சரியா இருக்காம்மா?"

"இருக்கு அண்ணி."

கதை தாண்டுவதற்கு முன்னால் அண்ணிக்கு ஒரே ஒரு காட்சி பாக்கி இருந்தது. டைரக்டர் சார் சேனல் மேடத்திடம், "அதை மட்டும் நேர்ல வந்து பார்த்துட்டு முடிவு பண்ணுங்க," என்று கெஞ்சியிருந்தார். "வர்றேன், ஆனா முடிவு பண்ணிட்டேன்," என்று பதில் வந்திருந்தது. காட்சியும் அண்ணிக்கு உதவுகிற மாதிரி இல்லை. சின்னவள் வேலையிலிருந்து தாமதமாக வருகிறாள். பெரியவள் கதவைத் திறந்து, "சாப்பிட்டியா?" என்று கேட்கிறாள். அவ்வளவுதான். நல்லபடியாக அனுப்பி வைக்க எழுதியதுபோல இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டே எங்கள் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அதை முதல் நாளிலிருந்து பார்க்கிறாள். அங்கே நான் வேலை செய்வது அவளுக்குப் பெருமை இல்லை. கதையை முன்கூட்டியே சொல்ல மறுக்கிறேன் என்று கோபம்தான்.

"இவளைப் பார்த்தா எனக்கு இப்பல்லாம் என்னமோ பண்ணுதுடி," என்றாள்.

"யாரை?"

"உங்க அண்ணியைத்தான்."

"ஏன், நல்லாத்தானே பேசுறாங்க?"

"பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு." தலையணை உறையை உதறினாள். "ஆனா அந்த மாமியார் செத்தும் வீட்டை விட்டுப் போகாத மாதிரியே இருக்கு. இப்ப பாரு, அலமாரியை மூடுவா பாரு."

திரையில் அண்ணி அலமாரியை மூடினார். மூடிய கதவின் மேல் உள்ளங்கையை வைத்தபடி ஒரு கணம் நின்றார். பிறகுதான் திரும்பிப் பேசினார்.

"பார்த்தியா? அந்தம்மா அப்படியேதான் மூடும். உள்ள இருக்கறது எந்திரிச்சு ஓடிடும்ங்கற மாதிரி கையை வச்சுப் பார்த்துக்கும்."

"எந்தம்மா?"

"மாமியார்டி! இதுகூடத் தெரியாம அங்க என்னத்தைப் பார்த்துக் கிழிக்கிற?"

போனை எடுத்துப் பழைய பகுதிகளைத் தேடினேன். முதல் வருடத்திலிருந்து ஒன்று, இரண்டாம் வருடத்திலிருந்து ஒன்று என்று பார்த்தேன். மாமியார் வருகிற இடங்களை மட்டும்.

அவர் சாவிக்கொத்தை இடது கையில்தான் வைத்திருந்தார். யாருக்கும் டம்ளரைக் கையில் கொடுக்கவில்லை, மேஜையில் வைத்துத் தள்ளினார். மருமகள் பேச ஆரம்பித்தால் நாற்காலி விளிம்புக்கு வந்துவிடுவார். நான் எழுந்துபோய் நின்ற ஒவ்வொரு தப்பும் அங்கே இருந்தது. நான் பார்த்திராத ஒன்றும் இருந்தது. மனதைக் குத்துகிற மாதிரி எதையாவது சொல்வதற்கு முன் மாமியார் வாசல் நிலையில் சாவியால் இரண்டு தட்டுத் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டதும் இளம் அண்ணியின் தோள்கள் காது வரைக்கும் ஏறும்.

கடைசியாக மாமியார் சாகிற பகுதியைப் பார்த்தேன். அதற்குள் அம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். கட்டிலிலிருந்து மாமியார் சாவிக்கொத்தை நீட்டுகிறார். பெரியவள் வாங்கவில்லை.

"வேணாம் அத்தை. இதை வாங்கினா நானும் உங்கள மாதிரி ஆயிடுவேன். எனக்கு இந்த உலகத்துல அது ஒண்ணுதான் பயம்."

கட்டிலைச் சுற்றிக் குடும்பமே நிற்கிறது. எல்லோரும் அவள் கையையே பார்க்கிறார்கள். அவள் வாங்கிக்கொள்கிறாள்.

"அழுதேன்டி அன்னிக்கு," என்றாள் அம்மா.

கல்லூரியில் டைட்ரேஷன் செய்வோம். மேலே குழாயிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாகக் கீழே குடுவையிலுள்ள அமிலத்தில் விட வேண்டும். சொட்டு விழுந்த இடத்தில் ஒரு நொடி இளஞ்சிவப்பு தெரியும். குடுவையைச் சுழற்றினால் போய்விடும். மறுபடி சொட்டு, மறுபடி போய்விடும். ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். பிறகு ஏதோ ஒரு சொட்டில், எவ்வளவு சுழற்றினாலும் நிறம் போகாது. அந்தச் சொட்டுக்கும் முந்தின சொட்டுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. அண்ணி மாதக்கணக்கில் சொட்டு விட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து குடுவையைச் சுழற்றியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் அண்ணி மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து வசனத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இருந்தது ஒரே வார்த்தை. அதையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு படி கீழே நின்றேன். என்ன சொல்வது என்று வீட்டிலிருந்து வரும்போதே யோசித்து வைத்திருந்தேன், எல்லாம் மறந்துவிட்டது.

"அண்ணி, மாமியார் இடது கை," என்றேன்.

அவர் தாளை இறக்கினார்.

"பழசெல்லாம் பார்த்தியா?"

"அம்மாதான் கண்டுபிடிச்சாங்க. அலமாரி மூடுறதை."

அண்ணியின் முகம் மலர்ந்ததை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. "உங்கம்மா கண்டுபிடிச்சாங்களா? வீட்ல உக்கார்ந்து பார்க்கறவங்க?" என்று கேட்டுவிட்டு, "அப்ப போய்ச் சேர்ந்திருக்கு," என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

"நான்தான் ஒவ்வொண்ணையும் தப்புன்னு..."

"அதனாலதான் நல்லா வந்துச்சு." தன் பக்கத்துப் படியைத் தட்டிக் காட்டினார். உட்கார்ந்தேன். "முதல்ல நான் அவசரப்பட்டுட்டேன்மா. சாவியை இடது கைக்கு மாத்தினேன், நீ பிடிச்சுட்டே. டம்ளரைத் தள்ளினேன், அதையும் பிடிச்சுட்டே. சரி, இந்தப் பொண்ணு கண்ணுக்குத் தப்புற மாதிரி பண்ணணும்னு இன்னும் சின்னது பண்ணினேன். நீ பிடிக்கப் பிடிக்க இன்னும் சின்னதா. கதவு மேல கையை ஒரு நொடி கூட வைக்கிறது, அடுத்தவங்க பேசி முடிக்கறதுக்குள்ள தலையாட்டறது. அது உன் கணக்குல வராது. நீ மட்டும் விட்டிருந்தா நான் முதல் மாசமே ராட்சசி ஆகியிருப்பேன். எல்லாரும் சிரிச்சிருப்பாங்க."

"டைரக்டர் சார்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உடனே குளோசப் வைப்பாரு. அவ மாறுறது அவளுக்கே தெரியக் கூடாதே. கேமராவுக்கு எப்படித் தெரியலாம்?" வளையல்களை மேலே தள்ளிக்கொண்டார். "அந்த மாமியார் கெட்டவங்க இல்லம்மா. நான் மூணு வருஷம் எதிர்ல நின்னு பார்த்திருக்கேன். வீடு கையை விட்டுப் போயிடும்னு பயம் அவங்களுக்கு. இப்ப வீடு என் கையில. அப்ப அந்தப் பயம் எங்க போகும்?"

கீழே டீ அண்ணன் எங்களைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி போனார்.

"இன்னிக்கு ஒண்ணு பண்ணப்போறேன்," என்றார் அண்ணி. "தூரத்து ஷாட்ல ஒழுங்காத்தான் இருப்பேன். பக்கத்துல வரும்போது பண்ணுவேன். மேடத்துக்கு முகம் தெரியணும் இல்ல? ஒட்டாது. பெரிய தப்பு. நீ எந்திரிச்சு வந்து நின்னேன்னா பாதியிலயே கட் சொல்லிடுவாரு. அந்த மேடம் இன்னொரு தடவை பார்க்க உக்கார மாட்டாங்க."

"எனக்கு..." கம்மலை நினைத்துக்கொண்டேன். லேபை நினைத்துக்கொண்டேன்.

"உன்னை எதுவும் பண்ணச் சொல்லல. உக்கார்ந்தா போதும்."

உட்காருவது எனக்கு வராத வேலை இல்லை. ஆனால் அன்று மானிட்டர் பக்கத்தில் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சேனல் மேடம் எனக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கைப்பையை மடியிலிருந்து இறக்கவில்லை. சீக்கிரம் கிளம்பப் போகிறவர் மாதிரி.

தூரத்து ஷாட் எடுத்தார்கள். அண்ணி சமையலறைப் பக்கம் ஆணியில் தொங்கிய சாவிக்கொத்தை வலது கையால் எடுத்தார். மணி அடித்தது. நடந்துபோய்க் கதவைத் திறந்தார். "சாப்பிட்டியா?" சின்னவள், "ஆபீஸ்லயே சாப்பிட்டேன் அண்ணி, நீங்க போய்ப் படுங்க," என்றாள். சுத்தமாக இருந்தது. சேனல் மேடம் தன் போனைப் பார்த்தார்.

சின்னவளாக நடிக்கும் பெண் கதைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. மாமியார் இருந்த காலத்தை அவளும் பார்த்ததில்லை. இடைவேளை முழுக்க, புதுச் செருப்பு கடிக்கிறது என்று எல்லோரிடமும் புலம்பிக்கொண்டிருந்தாள்.

கேமராவைக் கதவுப் பக்கம் கொண்டுபோய், சின்னவளின் தோளுக்குப் பின்னால் வைத்தார்கள். விளக்கைச் சரிசெய்ய ஒருவர் ஏணியில் ஏறினார். டைரக்டர் சார், "அண்ணி, அதேதான். அதே அன்பு," என்றார்.

"சரிங்க சார்."

ஆணியிலிருந்து சாவியை வலது கையால்தான் எடுத்தார். மணி அடித்தது. நடந்து வரும்போது, பார்க்கிறவர் கவனிக்காத வேகத்தில், சாவி இடது கைக்குப் போனது. கதவு திறந்தது. அண்ணி வழி விடவில்லை. நிலையில் தோளைச் சாய்த்து நின்றார். முகத்தில் கோபம் இல்லை, புருவம் அசையவில்லை. அதே சோறு போடுகிற முகம்தான். சின்னவளின் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். செருப்பில் பார்வை கொஞ்சம் கூடுதலாக நின்றது.

நிலையில் இரண்டு தட்டு.

"சாப்பிட்டியா?"

சின்னவளின் தோள்கள் காதுவரை ஏறின.

யாரும் அவளுக்கு அதைச் சொல்லித் தரவில்லை. அவள் வாயைத் திறந்தாள். வசனத்தில் இருந்தது வரவில்லை. "சாரி அண்ணி," என்றாள். அப்படி ஒரு வசனமே கிடையாது.

அண்ணி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போது அந்த முகத்தில் ஒன்று நடந்தது. அந்தச் சத்தத்தைத் தானும் இப்போதுதான் கேட்டது மாதிரி, கண்கள் மட்டும் மெதுவாகச் சாவிக்கு இறங்கின. அது யார் கையில் இருக்கிறது என்று பார்த்தன. பிறகு மேலே வந்தன. புன்னகைத்து, வழி விட்டார்.

டைரக்டர் சார் கட் சொல்ல மறந்துவிட்டார். ஏணியில் இருந்தவர்தான், "சார்," என்றார்.

"கட்."

சேனல் மேடம் திரும்பவில்லை. "முன்னாடி ஷாட்ல சாவி வலது கையில இருந்துச்சு," என்றார்.

டைரக்டர் சார் என்னைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். நான் நாற்காலியில் இருந்தேன்.

"கெமிஸ்ட்ரி?"

"ஆமா சார். வலது கையில இருந்துச்சு." என் குரல் சமையலறை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. இவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. "ஆனா இது தப்பில்ல. மாமியார் இடது கையிலதான் வச்சிருப்பாங்க. இப்படித்தான் தட்டுவாங்க. தட்டினா அண்ணிக்குத் தோள் ஏறும். இப்ப சின்னவங்களுக்கு ஏறிச்சு. அண்ணி பல மாசமா மாறிக்கிட்டேதான் இருந்தாங்க. நான்தான் சாரை நிறுத்த வச்சேன்."

சொல்லி முடித்த பிறகுதான் எழுந்து நின்றிருப்பது தெரிந்தது. உட்கார்ந்தேன்.

"எனக்குத் தெரியாதா?" என்றார் சேனல் மேடம். "இந்தத் தொடருக்கு முதல் கையெழுத்துப் போட்டவ நான்." அப்போதுதான் கவனித்தேன். கைப்பை தரையில் இருந்தது. தன் இடது தோளை வலது கையால் பிடித்திருந்தார். "திரும்பப் போடுங்க."

திரும்பப் போட்டார்கள். இரண்டு தட்டு. சாப்பிட்டியா. சாரி அண்ணி. கண்கள் சாவிக்கு இறங்கின. அவர் மானிட்டருக்குப் பக்கத்தில் குனிந்துகொண்டார். இன்னொரு முறை போடச் சொன்னார். கதவருகே அண்ணி அசையாமல் நின்றிருந்தார். சாவிக்கொத்து சத்தம் போடாமலிருக்க அதை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தார்.

சேனல் மேடம் நிமிர்ந்தார்.

"வைடை மறுபடி எடுங்க," என்றார். "சாவி இடது கையில."

டைரக்டர் சார் ஒரு கணம் புரியாமல் நின்றார். தூரத்து ஷாட்டை மறுபடி எடுப்பது என்றால், இந்தப் பக்கத்து ஷாட் இருக்கப்போகிறது என்று அர்த்தம். இது இருந்தால் மற்றதெல்லாம் இதற்கு ஒத்துப்போக வேண்டும். புரிந்ததும், "எல்லாரும் பழைய இடத்துக்குப் போங்கப்பா!" என்று கத்தினார். சேனல் மேடம் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். "அந்தக் குரல் பதிவு... ஆமா, பதிலாக இவர்... போட வேண்டாம். ஆமா, இவங்களேதான். எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு, நீ வேற," என்பது வரை கேட்டது.

சின்னவள் என்னிடம் வந்தாள். "நான் ஏன் சாரி சொன்னேன்னு எனக்கே தெரியலக்கா. இந்தச் செருப்புக்கா சொன்னேன்? வீட்ல எங்கம்மாகிட்டகூட நான் சாரி சொன்னதில்ல. திருப்பி எடுக்கும்போது வசனத்தைச் சொல்லிடவா?"

"வேணாம்," என்றேன். "சாரியே இருக்கட்டும்."

வேலை முடிந்ததும் டீ வந்தது. தன் செய்தி பொய்யாகிவிட்டதில் டீ அண்ணனுக்கு வருத்தம். "நான் சொன்னப்போ அது உண்மைதான்," என்று ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டு போனார். அண்ணிக்கு இன்றும் சர்க்கரை கூடப் போட்டார், இது சந்தோஷத்துக்கு என்று.

நான் சாவிக்கொத்தைப் படம் எடுத்துக்கொண்டு, செட் சாமான்கள் பார்க்கும் அண்ணனிடம் போனேன். ஆணியை எதிர்ச் சுவருக்கு மாற்றச் சொன்னேன். இடது கைக்கு எட்டுகிற பக்கம்.

"எதுக்கு?"

"இனிமே அப்படித்தான்."

திரும்பினால் பின்னால் அண்ணி நின்றிருந்தார். மேக்கப் பாதி கலைந்திருந்தது. கையில் டம்ளர். நான் வருவதைப் பார்த்து, வழி விடாமல், சமையலறை நிலையில் தோளைச் சாய்த்தார்.

டம்ளரால் மரத்தில் இரண்டு தட்டு.

"சாப்பிட்டியாம்மா?"

என் தோள்கள் தாமாகவே ஏறின. எனக்கு எல்லாம் தெரியும். எப்படிச் செய்கிறார், எந்தக் கையில் செய்கிறார் என்று படம் படமாகத் தெரியும். தெரிந்தும் ஏறின. அதைப் பார்த்து அண்ணி சிரிக்க ஆரம்பித்தார். நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மிச்சத்தையும் கலைச்சுடாதீங்க, இன்னும் ஒரு போட்டோ எடுக்கணும்!" என்று மேக்கப் அக்கா உள்ளே இருந்து கத்தும்வரை சிரித்தார்.

"இல்ல அண்ணி," என்றேன். "இன்னும் சாப்பிடல."

"வா," என்று வழி விட்டார்.